மாடி வீட்டுப் போணி

ஜனவரி 6, 2025 – திங்கள்

இன்றைக்கும் மாடியை வைத்துத்தான் சண்டை. பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை, அதற்குள் அந்த வீடு எங்கள் இரண்டு பேரையும் இரண்டு கட்சி ஆக்கிவிட்டது.

இவர் கட்சி மாத வாடகை. நல்ல குடும்பமாகப் பார்த்து விட்டுவிட்டு, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். என் கட்சி நாள் வாடகை. சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரு, சென்னை எல்லாம் பீச் ரோட்டில் வந்து விழுகிறது. எங்கள் குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எதிர்த் தெருவில் ஒருத்தர் இப்படி விட்டே கார் வாங்கிவிட்டார்.

"காரை வாங்கி எங்க நிறுத்துவ? என் படகு மேலயா?" என்றார் இவர்.

எனக்குக் கார் வேண்டாம். இதை இவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்தவள் நான். முட்டி தேய்ந்துபோச்சு, இனி தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டோடு கிடக்கிறேன். பேரம் பேச ஆள் இல்லை. திட்டுவதற்கும் ஆள் இல்லை. இவர் விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் குறட்டை. ஒரே மகள் செல்வி கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். டி.வி.யோடு எத்தனை நாள் பேசுவது? மாடிக்கு நாளுக்கொரு முகம் வந்தால் நன்றாக இருக்கும். எனக்கு வேண்டியது முகம். ஆனால் இவரிடம் போய் முகம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? காசு என்றால்தான் புரியும் என்று காசைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8 – புதன்

செல்வி என் கட்சி! போனில் அப்பாவைப் பிடித்து அரைமணி நேரம் பேசினாள். கடைசியில் இவர், "ஏப்ரல் வரைக்கும் உங்க இஷ்டம். அப்புறம் நான் சொல்றபடி" என்றார். போதும்.

மாடியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள், ஏதோ ஒரு ஆப்பில் போடுவதற்கு. எடுத்து அனுப்பினேன். உடனே போன். "அம்மா, பின்னாடி கருவாடு காயுது பாரு. அதை எடுத்துட்டு எடு." கருவாடு இருந்தால் என்ன? கடற்கரை வீடு என்றுதானே போடப்போகிறாள்?

எடுத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஜனவரி 17 – வெள்ளி

வந்துவிட்டார்கள்! பெங்களூருவிலிருந்து நான்கு பெண்கள். நாலும் செல்வி வயசு. ஒருத்திக்கு மட்டும் தமிழ் வருகிறது, அதுவும் எப்படி என்றால், என்னை "வாடி போடி" என்றுதான் பேசினாள். கூட வேலை செய்கிற தமிழ்ப் பெண்ணிடம் கற்றுக்கொண்டதாம். "உள்ள வாடி ஆன்ட்டி" என்று என் வீட்டுக்குள் என்னையே கூப்பிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

நாலு பேரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். உயிரோடு ஒரு நண்டைப் பார்த்து அந்தப் பெண்கள் போட்ட சத்தத்தில் இவரே கையை உதறிவிட்டார்.

எத்தனை மாசம் ஆச்சு இப்படிப் பேசி. தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 26 – ஞாயிறு

சனி, ஞாயிறு லீவு, மாடி நிரம்பிவிட்டது. இவர் மூஞ்சி தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எட்டு மணிக்கு இவர் படுத்தால் ஒன்பது மணிக்கு அவர்களுக்குப் பொழுது விடிகிறது. விடியலில் இவர் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறபோது அவர்கள் பீச்சிலிருந்து திரும்பி வருகிறார்களாம். படிக்கட்டுப் பக்கம் நிறுத்தி, தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்திருக்கிறார்கள்.

"மீனவனைப் பாத்ததே இல்லையா இவனுங்க?" என்று கத்தினார். ஆனால் அவர்கள் ஆப்பில் போட்ட அந்தப் போட்டோவைச் செல்வி அனுப்பியபோது பெரிதாக்கிப் பார்த்தார். நான் கவனித்தேன்.

பிப்ரவரி 10 – திங்கள்

ஐயோ. எதிலிருந்து எழுதுவது?

வெள்ளிக்கிழமை ஒரு கோயம்புத்தூர் ஜோடி வந்தது. தங்கமான பிள்ளைகள். மூன்று நாள் இருந்துவிட்டு இன்று காலையில் கிளம்புகிறபோது அந்தப் பெண், "இன்னும் ஒரு நாள் இருக்கணும் போல இருக்கு ஆன்ட்டி" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "மூணு நாள் எடுத்தீங்க இல்ல, ஒரு நாள் கொசுறு. இருந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷப் பழக்கம். கூறு கட்டின மீனை வாங்கினவங்க கூடையில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மேலே இரண்டு மீனைப் போட்டு அனுப்புகிற கை இது. சும்மா இருக்குமா?

மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் கார். ஓசூரிலிருந்து குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு வாண்டு, பெட்டி படுக்கை. இன்றைக்கு மாடி அவர்களுக்காம், போன வாரமே போனில் எடுத்துவிட்டார்களாம்!

செல்விக்குப் போன் போட்டேன். "கொசுறா? அம்மா, ஒரு நாளையே யாராவது கொசுறாக் குடுப்பாங்களா? யார் யாருக்கு எந்த நாள்னு ஆப்புலயே இருக்குதும்மா, நீ பாக்கவே இல்லியா?" என்று அங்கிருந்தே தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் கேட்டது.

எனக்கு எப்படித் தெரியும்? மார்க்கெட்டில் கொசுறு போட்டால் அடுத்த ஆள் மீன் குறையாது. வீடு ஒன்றே ஒன்றுதானே. இது இப்போதுதான் உறைக்கிறது.

கோயம்புத்தூர்ப் பிள்ளைகளைப் போகச் சொல்ல வாய் வரவில்லை, வாக்குக் கொடுத்தாச்சு. ஓசூர்க்காரர்களைக் கீழே எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் கட்டில் அவர்களுக்கு. நான் சமையலறையில் பாய் போட்டுக்கொள்கிறேன். இவர் ஒன்றும் பேசாமல் தலையணையை அக்குளில் வைத்துக்கொண்டு வலைக் கொட்டகைக்குப் போய்விட்டார். பேசியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 11 – செவ்வாய்

ஓசூர்க்காரர்களுக்கு நேற்று ராத்திரி சங்கரா மீன் குழம்பு. கோயம்புத்தூர் ஜோடியும் வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டது. கூடத்தில் பந்தி மாதிரி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். சின்ன வாண்டு நாலு தரம் குழம்பு கேட்டான். இன்று காலையில் மாடி காலியானதும் அவர்களை மேலே போகச் சொன்னேன். அந்த அம்மா, "நாங்க கீழேயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இவர் வலைக் கொட்டகையிலிருந்து வந்து, "நானும் ஆப்புல புக் பண்ணா எனக்குக் கட்டில் கிடைக்குமா?" என்றார். சிரித்துவிட்டேன். இவரும் சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 16 – ஞாயிறு

ஓசூர்க்காரர்கள் ஆப்பில் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம்! செல்வி படித்துக் காட்டினாள்.

மார்ச் 12 – புதன்

மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வரிசையாக நிற்க, தலை தலையாக ஜனம். பக்கத்து வீட்டு வீராயியோடு போனேன். தீர்த்தவாரி முடிந்து திரும்புகிறபோது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"யக்கா, எங்க அண்ணன் பொண்ணு வீடு தேடிக்கினு இருக்கா. புருஷனும் அவளும்தான். மாடியை மாசத்துக்கு உடறியா?"

"குடும்பம்னா ஒரு தடவை உள்ள வந்துட்டா அப்புறம் நம்ம வீடு நம்முது இல்ல வீராயி. நாள் வாடகைன்னா நம்ம கையில இருக்கும்" என்றேன். என்னமோ கரைத்துக் குடித்தவள் மாதிரி.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டாள்.

மார்ச் 23 – ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

செல்வி ஊரோடு வரப்போகிறாள்! காலாப்பட்டில் பல்கலைக்கழக லேபில் வேலை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை அஜித்துக்கும் மருந்துக் கம்பெனியில் சேதராப்பட்டுக்கு மாற்றல் தருகிறார்களாம். ஜூனில் சேரணும். நான் போனிலேயே கத்திவிட்டேன். "மாடி இருக்குதுடி! நாளைக்கே காலி பண்றேன்!"

"அவரு ஒத்துக்க மாட்டாரும்மா" என்றாள். "மாமியார் வீட்டுல இருக்க மாட்டேன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. முதலியார்பேட்டையில அவங்க வீட்டுலயும் இடம் இல்ல, அண்ணனுங்க ரெண்டு பேரு இருக்காங்க. தனியா வீடு பாத்துக்கறோம்."

சரி, ஊரில் வீட்டுக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருவிலேயே பார்த்துவிடலாம். தினமும் பார்ப்பேன் என் பெண்ணை.

ஏப்ரல் 6 – ஞாயிறு

பஞ்சம்தான்.

செல்வியும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். இன்று காலையிலிருந்து அலைந்தோம். முத்தியால்பேட்டையில் மணியம்மாள் என்று ஒரு அம்மா, வீடு பளபளவென்று காலியாக இருக்கிறது, சாவி இடுப்பில் தொங்குகிறது. "மாச வாடகையா? நாங்க நாள் வாடகைக்குத்தான் விடறோம். குடும்பம்னா ஒரு தடவை உள்ள வந்துட்டா அப்புறம் நம்ம வீடு நம்முது இல்ல" என்றாள்.

எனக்குக் காது சுட்டுவிட்டது. ஒரு எழுத்து மாறாமல் நான் வீராயியிடம் சொன்னது. மாசி மகத்தன்று, சாமிக்கு முன்னால்.

அடுத்தது ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் பாதி வருஷம் பாரிசில் இருக்கும் குடும்பம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் சொன்னார்: "சனி, ஞாயிறுக்கே மாச வாடகை வந்துடுது." இன்னொரு இடத்தில் வீடு காலி என்றார்கள். போனால் ஜன்னலே இல்லாத அறை, அதற்கும் ஆயிரம் நிபந்தனை. மற்றபடி எங்கே கேட்டாலும் நாள் வாடகை, நாள் வாடகை. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதிலே சிரிப்பும் இருந்தது. என் மாடியை ஆப்பில் போட்டது இவள்தானே.

ஊரில் இருக்கிற மாடியெல்லாம் வந்து போகிறவங்களுக்கு. இருக்க வர்றவங்க எங்கே இருப்பாங்க? நம்ம பொண்ணுக்கு வந்தாத்தான் நமக்குப் புத்தி வருமா?

ஏப்ரல் 13 – ஞாயிறு

இன்று வெட்கத்தை விட்டு மாப்பிள்ளையிடம் நானே கேட்டேன். வஞ்சிரம் வறுத்துப் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"மேல காலியாத்தான் இருக்கப்போவுது மாப்ள. காசு கீசு ஒண்ணும் வேணாம். வந்து இருங்க."

நல்ல பிள்ளை. முகம் சுளிக்கவில்லை. "அத்தை, எங்க சித்தப்பா ஒருத்தர். மில்லு மூடினப்ப பொண்டாட்டி வீட்டுல போய் இருந்தாரு. அவரு பேரு எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. வீட்டோட மாப்ளன்னு கேட்டாத்தான் காட்டுவாங்க. அவரு பிள்ளைங்களையும் அப்படித்தான் கூப்பிடறாங்க. நீங்க தினம் சோறு போடுங்க, வந்து சாப்பிடறேன். குடி மட்டும் வர மாட்டேன்."

இன்னா சொல்ல, இருக்குது மாடி, இருக்குறா பொண்ணு, நடுவுல யாரோ முதலியார்பேட்டைத் தெருவுல சிரிப்பாங்கன்னு என் பொண்ணு எங்கயோ போய் இருக்கணுமா? சிரிக்கறவன் வந்து வீடு பாத்துத் தருவானா? நான் கேக்கறதுல இன்னா தப்பு? கோவமா வருது. யார் மேலன்னு தெரியல.

ஏப்ரல் 14 – திங்கள்

வருஷப் பிறப்பு. வடை கருகிவிட்டது.

ஏப்ரல் 21 – திங்கள்

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம். வருகிற ஞாயிறு அட்வான்ஸ் கொடுக்க வருகிறார்கள். அங்கிருந்து காலாப்பட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "பரவால்லம்மா, சென்னையில இதைவிட தூரம் போறேன்" என்கிறாள். எனக்குப் பரவாயில்லையா என்று யாரும் கேட்கவில்லை.

சென்னைக்கும் வில்லியனூருக்கும் என்ன வித்தியாசம் எனக்கு? ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24 – வியாழன்

நினைத்ததைச் செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

மணியம்மாள் சொன்ன வார்த்தை இத்தனை நாளாகக் காதிலேயே நிற்கிறது. என் பெண்ணுக்குத்தான் என் வீடு வேண்டாம். வேறு யார் பெண்ணுக்காவது ஆகட்டும். முதலில் வீராயியிடம் போனேன். அவள் அண்ணன் மகளுக்கு லாஸ்பேட்டையில் வீடு கிடைத்து, பால் காய்ச்சியும் ஆகிவிட்டதாம். "நீ அப்பவே சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து டீ போடப் போய்விட்டாள்.

ஜூனிலிருந்து ஆப்பை மூடிவிடச் சொன்னேன் செல்வியிடம். "ஏம்மா? உனக்குப் பிடிச்சுதானே இருந்துது?" என்றாள். முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று சொல்லிவைத்தேன். பிடித்துத்தான் இருந்தது. அந்த வாடி போடிப் பெண், ஓசூர் வாண்டு, எல்லோரும் போனார்கள், மறுபடி நானும் டி.வி.யும்.

இவரிடம் சொன்னதும் ஜெயித்துவிட்ட மாதிரி குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. பழைய படகுப் பலகை ஒன்றை எடுத்து, படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்டில் பொறுமையாக எழுதினார்: வீடு வாடகைக்கு. குடும்பத்துக்கு மட்டும். கேட்டில் மாட்டிவிட்டு, "யாராவது நல்லவங்க வருவாங்க ரஞ்சிதம்" என்றார். இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆச்சு! எனக்கு அழுகை வந்துவிட்டது. பலகையைப் போட்டோ எடுத்துச் செல்விக்கு அனுப்பினார், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லச் சொல்லி.

ஏப்ரல் 27 – ஞாயிறு

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன், வெளியே பைக் சத்தம். மாப்பிள்ளை. தனியாக. வில்லியனூருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நாள் ஆச்சே, முன்னாடியே வந்துவிட்டாரா என்று "வாங்க, வாங்க" என்றேன். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"வீடு வாடகைக்குன்னு போர்டு போட்டிருக்குதே. இருக்குங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது கோபமா? "இன்னா மாப்ள, வெளிய நின்னுக்கினு…"

"போர்டு பாத்துட்டு வந்திருக்கேங்க. வேற யாராவது கேட்டாங்களா?"

"இன்னும் யாரும் வரல" என்றேன்.

"அப்ப நான்தான் போணி."

கையில் இருந்த தண்ணீரைக் காலிலேயே ஊற்றிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் உட்கார்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் தெரியும். நாளின் முதல் வியாபாரம் போணி. முதல் ஆள் எந்த விலைக்குக் கேட்டாலும், எரிச்சலூட்டினாலும், வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அன்றைக்குக் கூடை நகராது. ஒரு நாளும் நான் போணியைத் திருப்பினதில்லை. இது செல்விக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் கள்ளி!

"சும்மா இருக்கச் சொன்னீங்க, முடியாதுன்னேன். இது போர்டு போட்ட வீடு. யார் வேணா கேக்கலாம். மத்தவங்களுக்கு இன்னா வாடகையோ அதுதான் எனக்கும். சம்மதம்னா சொல்லுங்க, இல்லன்னா வில்லியனூருக்குப் போறேன்." கடைசி வாக்கியத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வீராயி துடைப்பத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

வாசலிலேயே வாடகை பேச ஆரம்பித்தோம். என் ஜென்மத்தில் இப்படி ஒரு பேரம் பேசியதில்லை. நான் ஒரு தொகை சொன்னேன். "முத்தியால்பேட்டையில இதே வீடு எவ்வளோன்னு தெரியுமா?" என்று அவர் ஏற்றினார். நான் இறக்கினேன். அவர் ஏற்றினார். "மாடிப்படி செங்குத்தா இருக்குது, குறைச்சுக்குங்க" என்றேன். "கடல் காத்து வருது, கூட்டிக்குங்க" என்றார். விற்கிறவள் குறைக்கிறாள், வாங்குகிறவர் ஏற்றுகிறார். வீராயி கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அட்வான்ஸிலும் இதே கதை. கடைசியில் இவர் வலையை உதறிவிட்டு எழுந்து வந்து, ஏலம் முடிக்கிற மாதிரி நடுவில் ஒரு தொகையைச் சொல்லி, "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று கையைத் தட்டினார்.

அப்புறம்தான் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அத்தை, காபி" என்றார். தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த செல்வி ஓடி வந்தாள்.

மே 4 – ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்தி பாவாடை, வீட்டைப் பார்க்க வந்தார். மில்லில் வேலை பார்த்த மனுஷர், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு. நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். மாடிப்படியை ஏறி இறங்கினார், கரண்ட் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் எந்த நேரம் வரும் என்று வாடகைக்காரர் மாதிரியே கேட்டார். கடைசியில் மகனிடம் திரும்பினார்.

"தனி மீட்டர் இருக்குது. தனி வாசப்படி இருக்குது. வாடகையும் கம்மி இல்ல. இது எப்படிடா மாமியார் வீடாவும்?"

அவருக்கு ஒரு முழு வஞ்சிரம் கொடுத்து அனுப்பினேன். கொசுறாக இரண்டு நண்டு.

ஜூன் 5 – வியாழன்

வைகாசிக்குள் பால் காய்ச்சிவிட்டார்கள். பொங்கிய பாலைப் பார்த்துச் செல்வி கை தட்டினாள், சின்னப் பிள்ளையில் தட்டின மாதிரியே. மாடிக்குப் போகிறபோது நான் காலிங்பெல் அடித்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். மாப்பிள்ளை உத்தரவு. இன்று மட்டும் ஆறு தரம் அடித்தேன்.

ஜூலை 13 – ஞாயிறு

காலையில் கரையில் படகு வந்து சேருகிற இடத்தில் இவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். "தரையிலதானே உக்காரக் கூடாது? இதுல உக்காந்து ஏலம் விடு" என்றார். இத்தனை மாசமாக எனக்கு என்ன குறை என்று இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, பாருங்கள். நெத்திலிக்கு ஏலம் விட்டேன். குரல் போகவே இல்லை, அப்படியே இருக்கிறது. வியாபாரிகள் சுற்றி நின்று கத்த, நான் அதற்கு மேல் கத்த, திட்ட, பேச்சு வாங்க... வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

மேலே குழாய் ஒழுகுகிறது என்று வாடகைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். ஓனராக இருப்பது லேசில்லை.

டிசம்பர் 21 – ஞாயிறு

மார்கழிக் குளிர். விடிந்ததும் காலிங்பெல். எங்கள் வீட்டுக் காலிங்பெல்லை மாப்பிள்ளை எப்போதும் அடிக்க மாட்டார், நேராகச் சமையலறைக்கு வந்துவிடுவார். இன்று வாசலிலேயே நின்றார், வாடகைக்கு வீடு கேட்டு வந்த அன்றைக்கு நின்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எனக்குப் பக்கென்றது. காலி பண்ணப் போகிறார்களோ? வேலை மாற்றலோ?

"ஓனரம்மாகிட்ட ஒண்ணு தெரிவிக்கணும்" என்றார். "அக்ரிமென்ட்ல இருக்குது. மேல குடியிருக்கறவங்க எண்ணிக்கை கூடினா முன்கூட்டியே சொல்லணும்னு."

அக்ரிமென்டில் அப்படி இருக்கிறதா? நான் எங்கே படித்தேன், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "யாரு வர்றாங்க? உங்க அப்பாவா? தாராளமா வரட்டும் மாப்ள, இதுக்குப் போயி…"

"அப்பா இல்ல."

"பின்ன? எத்தினி பேரு?"

"ஒருத்தருதான்னு டாக்டர் சொல்றாங்க."

"எப்ப வர்றாங்க?"

"ஜூலை கடைசியில."

மாடிப்படியில் செல்வி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இவரைக் கூப்பிட்டேன், என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, பதறிக்கொண்டு பாதி ஷேவிங் முகத்தோடு ஓடி வந்தார்.

நான் ஓனர் ஆச்சே. விட்டுக்கொடுக்கலாமா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஆள் கூடினா வாடகையும் கூடும், தெரியும் இல்ல?" என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டதால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.